ஞாயிற்றுக்கிழமை வராத வலிப்பு

எங்கள் அவசரப் பிரிவு மேசைக்கு மூன்று இழுப்பறைகள். முதலாவதில் பஞ்சும் பிளாஸ்திரியும். இரண்டாவதில் கேஸ் ஷீட்டுகள். மூன்றாவது முழுக்கச் சாவிகள். ஆஸ்பத்திரிச் சாவிகள் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் ஊரார் சாவிகள். பைக் சாவி, பீரோ சாவி, கடை ஷட்டர் சாவி, ஒருமுறை பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைச் சாவிகூட இருந்தது. வலிப்பு வந்து விழுந்தவர்களின் கைக்குள் அக்கம்பக்கத்தார் அவசரமாகத் திணித்து அனுப்பியவை அவை. விழுந்தவர் தெளிந்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். சாவி எங்களிடம் தங்கிவிடும். மறுநாள் ஒருவர் வந்து, பேஷன்ட் எப்படி இருக்கிறார் என்று ஒப்புக்கு விசாரித்துவிட்டு, பார்வையை மெல்ல மூன்றாவது இழுப்பறைக்கு ஓட்டுவார்.

புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயனுள்ளதாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விருத்தாசலத்தில் முப்பத்தோரு வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பயனுள்ளதாக எழுத உட்கார்ந்தால் இந்தச் சாவி இழுப்பறைதான் முன்னால் வந்து நிற்கிறது, சிரிப்பும் வந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், நீங்கள் கொஞ்சம் சீரியஸாகப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாவி விஷயத்தை முடித்துவிடுவோம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்துக்குள் யார் எதைக் கையில் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர். சாவி கொடுத்தால் சாவிக்கு, வெங்காயம் கசக்கினால் வெங்காயத்துக்கு. நீங்கள் செய்ய வேண்டியது ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ஊரில் உள்ள அத்தனை சாவியும் சேர்ந்தாலும் உதவாது.

இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் டாக்டரம்மா. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் டாக்டரம்மா என்றே இருக்கட்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோட்டுப் பையில் எந்நேரமும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். கேள்வி கேட்கும்போது ஒன்று உடைப்பார், பதில் சரியாக வந்தால் அதை நம்மிடம் கொடுப்பார், தவறாக வந்தால் அவரே தின்றுவிடுவார். வலிப்பு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடக் கூடாது, ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கிறவரை நம் வேலை பாதிதான் என்பார்.

அந்த ஏன் என்பதற்கு எத்தனை முகம் என்று நினைக்கிறீர்கள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த குழந்தைக்கு வெறும் காய்ச்சல் ஏறியதுதான் காரணம். மாலை போட்ட ஒருவர் தினமும் குடித்துக்கொண்டிருந்ததை ஒரே நாளில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் விழுந்தார், அவர் மனைவி சாமி குற்றம் என்று அழுதார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் பந்திக்காக மதியம்வரை காத்திருந்த பெரியவருக்குச் சர்க்கரை தரைக்கு இறங்கி வந்தது. இரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பையே கண்ணில் காட்டாமல் வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு உடம்பில் உப்பு குறைந்து வந்தது. இங்கே பக்கத்து மங்களூர்க்காரர் ஒருவருக்கு எப்போதோ மூளைக்குள் போய்ச் செத்த புழுவின் தழும்பு. இன்னும் எத்தனையோ பேருக்கு, நல்லாத்தானே இருக்கிறேன் என்று வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தியது. தலையில் அடிபட்டிருக்கலாம், மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், பல நாள் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கலாம். இவ்வளவையும் நான் வரிசை தவறாமல் கேட்பேன். கேள்வி கேட்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் எப்படி மூக்கறுபட்டது என்பதுதான் இனி வரும் கதை.

இலியாஸ் என்று ஒரு பையன். என் மகன் வயது, அதனால் அவன் என்றே சொல்கிறேன். செராமிக் பேட்டையில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு ஷெட்டில் வேலை. கல்லையும் களிமண்ணையும் மாவாக அரைக்கிற பெரிய டிரம் அவன் பொறுப்பு. கல்யாணமாகி ஒரு வருடம், மனைவி நசீமா முழுகாமல் இருந்தாள். கொரோனா அடங்கி எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி வீசியிருந்த சமயம். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தபோதே வலிப்பு நின்றிருந்தது. கையில் பெரிய சாவிக்கொத்து.

அந்தக் கொத்துக்கே ஒரு கதை. அவன் விழுந்ததும் ஷெட்டில் எல்லாரும் இரும்பைத் தேடியிருக்கிறார்கள். திரும்பிய பக்கமெல்லாம் களிமண், பிளாஸ்டர் அச்சு, பீங்கான். அவசரத்துக்கு ஒரு ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது செம்பு, இரும்பு இல்லை என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டாராம். கடைசியில் முதலாளி இடுப்பிலிருந்து கொத்து இறங்கியது. மத்தியானம் முதலாளியே வந்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று உண்மையான கவலையோடுதான் கேட்டார், பிறகு ஷெட்டைப் பூட்ட முடியாமல் வெளியே நின்றுகொண்டிருக்கும் கதையைச் சொன்னார்.

நான் வரிசையாகக் கேள்வி கேட்டேன். குடிப்பதில்லை, சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது தலை பாரமாக இருக்கிறது என்றான். பாவமாக இருந்தது. என் மேசைமேல் எப்போதும் இருக்கும் நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்து நெற்றியிலும் மூக்கிலும் நானே தேய்த்துவிட்டேன். அந்தப் புட்டி எனக்கு இன்னொரு விரல் மாதிரி. தலைவலிக்கு, தூக்கத்துக்கு, கோபத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். காலையில் கழுத்தில் தேய்த்தால்தான் எனக்கு வேலையே ஓடும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி விழுந்தான். புதுச்சேரிக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மூளையின் மின்னோட்டத்தை வரைந்து பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். மாத்திரை தொடங்கினார்கள். டிரம் பெல்ட்டில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று முதலாளி அவனை அங்கிருந்து மாற்றிப் பொடி சலிக்கும் இடத்தில் போட்டார். அது நியாயம்தான். ஆனால் இன்னொரு முறை விழுந்தால் ஷெட்டுக்குள்ளேயே விட முடியாது என்றும் சொல்லிவிட்டார். பைக் ஓட்டக் கூடாது, கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது என்று டாக்டரம்மாவும் ஒரு பட்டியல் கொடுத்தார்.

இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது அடுத்த மாதம் வந்தது. பெண் குழந்தை பிறந்தது. வலிப்பு கட்டுக்குள் வருகிறவரை நின்றுகொண்டு குழந்தையைத் தூக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. மிகச் சரியான அறிவுரை. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த அவன் மாமியார் அதைச் சட்டமாக்கிவிட்டார். சுவரோரம் பாய், இரண்டு பக்கமும் தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் மாமியார். அந்த ஏற்பாட்டுக்குள்தான் அவன் தன் மகளைப் பார்க்க முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் திரிந்தார்கள். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“எப்ப சிஸ்டர் நான் எம்புள்ளய நின்னுக்கிட்டுத் தூக்கலாம்?”

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு தம்பி என்பேன். அவன் போன பிறகு மனசு கனத்துக் கிடக்கும்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் மூன்றாவது முறை விழுந்தான். நல்ல வேளையாக டீக்கடை வாசலில் விழுந்ததால் ஷெட்டில் விழுந்ததாக முதலாளி கணக்கில் வைக்கவில்லை. இப்போது ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சூளைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரம் என்றார் ஒருவர். மாமியார் வந்த நேரம் என்றார் இன்னொருவர், மாமியார் காதுக்கு எட்டாமல். குழந்தை ராத்திரியெல்லாம் அழுவதால் தூக்கமில்லை, அதுதான் என்றேன் நான். எனக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது. டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே வேர்க்கடலையை உடைத்து, அவரே தின்றார்.

“சனிக்கிழமை ராத்திரியும் புள்ள அழுவுதுல்ல? மூணு தடவயும் வேல நாள்லதான் வந்திருக்குது. ஞாயித்துக்கிழம லீவு எடுக்கிற வலிப்ப நான் பாத்ததில்ல சிஸ்டர். நீங்க கேக்காத கேள்வி ஒண்ணு இருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்காத கேள்வியா என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று மாதா கோயிலில் சாமியார் சொன்னார். நான் வழக்கம்போல் கறியை விடுகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீதான் வருசம் பூரா கறியத் தொடமாட்டியே. முடிஞ்சா தைலத்த வுடு பாப்போம்.”

ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். முதல் வாரம் நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். வார்டில் யாரும் என் பக்கம் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு அதிசயம் நடந்தது. எனக்கு மூக்கு திறந்தது. கேண்டீன் சாம்பாரில் பெருங்காயம் போடுகிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் அப்போதுதான் தெரிந்தது. பினாயில் நாறியது. டாக்டரம்மா வராந்தாவில் வரும்போதே வேர்க்கடலை வாசனை முன்னால் வந்தது. எதைப் பார்த்தாலும் மோந்து பார்க்கிற கிறுக்கு பிடித்து, கேஸ் ஷீட்டைக்கூட மோந்தேன்.

நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை, பதினோரு மணி. ஷேர் ஆட்டோவில் இலியாஸைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை வலிப்பு நிற்கவில்லை. ஷெட்டில் தொடங்கி வழி முழுக்க வெட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கூட ஆறேழு பேர், ஆளாளுக்குக் கத்தல். சாவிக்கொத்தோடு முதலாளி. வழியில் ஏறிக்கொண்ட மாமியார் தன் முந்தானையில் தைலத்தை நனைத்து அவன் மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார். நசீமா குழந்தையை அணைத்துக்கொண்டு வாசலோரம் நின்றாள்.

ஸ்ட்ரெச்சரில் அவனை ஒருக்களிக்கக் குனிந்தேன். முகத்தில் ஒரு நெடி அறைந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தைலம், தைலத்தோடு கற்பூரம். மாமியார் முந்தானையில் இருந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவன் கழுத்தில் தொங்கிய துண்டிலிருந்து வந்தது. பொடி பறக்கும் இடத்தில் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுகிற துண்டு அது. நான்கு முறையும் அந்தத் துண்டு அவன் கழுத்தில்தான் இருந்தது. நான்கு முறையும் நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். என் கழுத்திலும் அதே வாசனை இருந்ததால் என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

அதற்குள் எங்கள் அட்டெண்டர் பழக்க தோஷத்தில் என் மேசையிலிருந்த தைலப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார். தவக்காலத்துக்காக நான் தொடாமல் வைத்திருந்த புட்டி.

“அத மூடு. யாரும் அவன் மூக்குகிட்ட எதையும் கொண்டாராதீங்க. அந்தத் துண்ட அவுரு மொதல்ல.”

மாமியார் என்னை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மருமகன் சாகக் கிடக்கும்போது மருந்தைப் பிடுங்குகிறாளே என்று அவருக்கு. எனக்கும் உள்ளே நிச்சயம் எதுவும் இல்லை. தவறாகப் போனால் ஏழு பேர் சாட்சி. ஆனாலும் முந்தானையை அவர் கையிலிருந்து விலக்கினேன், முகத்தைத் துடைத்தேன், ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஆக்சிஜன் வைத்தோம். டாக்டரம்மா ஓடிவந்து ஊசி போட்டார். இரண்டு நிமிடத்தில் உடம்பு தளர்ந்தது.

துண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினேன். பிரித்து மோந்தவர் தொடர்ந்து ஐந்து முறை தும்மினார். கையிலிருந்த வேர்க்கடலை சிதறியது.

மத்தியானம் அவன் தெளிந்து உட்கார்ந்ததும், துண்டில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

“நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க. போன வருசம் மூக்கடைப்புன்னு ஓபி சீட்டு வாங்கிட்டு வந்தேன்ல, துண்டுல ரெண்டு சொட்டு தைலம் வுட்டுக்கன்னு.”

டாக்டரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. சொல்லியிருப்பேன். வருகிற எல்லாருக்கும் சொல்கிறதைத்தான் அவனுக்கும் சொல்லியிருப்பேன்.

“ரெண்டு சொட்டா வுட்டே?”

“ரெண்டு சொட்டு பத்து மணிக்கே காத்தாப் போயிடுது சிஸ்டர். அதான் புட்டில பாதிய ஊத்தி, கற்பூரத்தப் பொடி பண்ணிப் போட்டுக்குவேன். சாயங்காலம் வரைக்கும் நிக்கிது. சலிக்கிற எடத்துல தூசி ஜாஸ்தி, அங்க போனப்புறம் ரெண்டு மடங்கு.”

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றுதான் நான் கேட்டிருந்தேன். அவன் அதைச் சாப்பிடவில்லையே. எங்கள் ஊரில் தைலத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, சோப்பு சீப்பு மாதிரி அதுவும் ஒன்று. தைலமும் கற்பூரமும் அளவு மீறி உடம்புக்குள் போனால் சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும் என்று டாக்டரம்மா அவனுக்கு விளக்கினார். இதுதான் காரணம் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன், விட்டுவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். விழுந்தபோதெல்லாம் ஷெட்டில் ஒருவர், வீட்டில் மாமியார், ஆஸ்பத்திரியில் நான் என்று மாறி மாறி அதையே மூக்கில் தேய்த்திருக்கிறோம். மூன்று பேருக்கும் அவன்மேல் அன்புதான். அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அன்று கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரி இது. தைலம் பயன்படுத்தும்படி நோயாளிக்குச் சொன்னவர் பணியிலிருந்த செவிலியர், அதாவது நானே. கீழே கையெழுத்தும் போட்டேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அடுத்து அவனைப் பார்க்கிற டாக்டருக்குக் கதை பாதிதான் கிடைக்கும், அவ்வளவுதான். டாக்டரம்மா படித்தார், கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு கைப்பிடி வேர்க்கடலையை என் மேசையில் கொட்டினார். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு வரி எழுத வேண்டிவரும். கை நடுங்கினாலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

மறுநாள் நாங்கள் இருவரும் ஷெட்டுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் தும்மல் போட்டி ஆரம்பமாகிவிட்டது. இலியாஸைப் பார்த்து எல்லாருமே துண்டில் கற்பூரம் போட ஆரம்பித்திருந்தார்கள். அவன் கண்டுபிடித்த முறை என்று அதற்கு ஷெட்டில் நல்ல மரியாதை இருந்தது. டாக்டரம்மா துண்டுகளைக் கொடியிலிருந்து உருவி மூட்டையாகக் கட்டி, முதலாளியிடம் தூசிக்கு ஒழுங்கான மாஸ்க் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அவர் இழுத்தார். அப்படியென்றால் இனிமேல் விழுகிறவர்களையெல்லாம் உங்கள் சாவிக்கொத்தோடு அனுப்பிவையுங்கள், நாங்கள் திருப்பித் தரமாட்டோம் என்றேன் நான். அடுத்த வாரமே மாஸ்க் வந்துவிட்டது. இலியாஸை ஷெட்டுக்குள் விட முடியாது என்ற பேச்சையும் அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். மாத்திரையை டாக்டரம்மா தொடவில்லை. இலியாஸ் தானாக நிறுத்திவிடக் கூடாது என்று நசீமாவிடம் சத்தியம் வாங்கினார். மாதங்கள் போயின. வலிப்பு வரவில்லை. மகள் பாயில் குப்புறக் கவிழ்ந்தாள், தவழ்ந்தாள், அப்பன் மடியிலிருந்து இறங்கித் தலையணையைத் தாண்டி ஓடப் பார்த்தாள். அவன் மட்டும் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தான். புதுச்சேரியிலும் காட்டிவிட்டு, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, நிறுத்திய பிறகும் சில மாதம் பார்த்து, ஒரு நாள் டாக்டரம்மா அவன் சீட்டில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். நீங்களே அவனிடம் சொல்லுங்கள் என்றார். இனி நின்றுகொண்டே மகளைத் தூக்கலாம் என்று வெளியே வந்து சொன்னேன்.

மாமியார் இடுப்பிலிருந்த மகளை இரண்டு கையாலும் வாங்கினான். அவள் அப்பன் தோளில் கைபோட்டு, உயரத்திலிருந்து எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. மாமியார் கை பழக்கத்தில் பையிலிருந்த தைலத்துக்குப் போனது, பாதி வழியில் தானே நின்றது, எல்லாரையும் பார்த்து அசடு வழிந்தார். அவசரப் பிரிவு முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மா உள்ளேயிருந்து என்னவென்று எட்டிப் பார்த்தார்.

அந்தச் சீட்டில் முத்திரை வாங்க அன்று நல்ல கூட்டம். முக்கால் மணி நேரம் ஆகும் போலிருந்தது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை, நல்ல கனம். அவன் கை வலிக்குமே என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரு தம்பி என்றேன்.

“வேணாம் சிஸ்டர்,” என்றான். “உக்காந்து உக்காந்து போதும்.”

முக்கால் மணி நேரமும் அவன் நின்றுகொண்டே இருந்தான்.